இலையுதிர் லாகர்

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே யாழ்மொழி மருத்துவக்கூடத்துக்குப் போய்க் கட்டில் பதிவு செய்துவிடுவாள். கடைசி நேரத்தில் போனால் நடைபாதையில்தான் படுக்க வேண்டிவரும். இந்த ஆண்டு துணைக்கு அக்கா செங்கமலத்தையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"எந்த எலும்பு?" என்று கேட்டது தாதி. அது ஓர் இயந்திரச் செவிலி. குரலில் மட்டும் யாரோ நல்ல மனதுக்காரர் இனிமையை ஊற்றி வைத்திருந்தார்.

"வலது கைன்னு போட்டுக்கோ. போன வருஷம் இடது கை. அதுக்கு முந்தி விலா ரெண்டு." யாழ்மொழி அக்காவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். "ஒரே எடத்துல ரெண்டு தடவ கை வைக்கமாட்டார்க்கா எங்க வீட்டுக்காரரு."

"கருவுற்றிருக்கிறீர்கள். பதினேழு வாரம். கருவுக்கும் சேர்த்துப் பதிந்துகொள்ளட்டுமா?"

யாழ்மொழியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பிறகு சரியென்று தலையை ஆட்டினாள்.

செங்கமலம் தங்கையின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பதிவுச்சீட்டை நீட்டியபடி தாதி கதவுவரை உருண்டு வந்தது.

அந்த ஊரின் பெயர் பனிக்குடி. வியாழனைச் சுற்றும் கனிமீடு என்ற நிலவில், பனிப்பாறைக்கு அடியில் குடைந்து எழுப்பிய ஊர். முதல் கப்பலில் வந்தவர்களில் பாதிப் பேர் திருச்சிப் பக்கத்து வெல்டர்கள். மீதிப் பேர் பவேரியாவின் பொறியாளர்கள். நான்கு தலைமுறை கலந்ததில் பேச்சு தமிழாக நிலைத்துவிட்டது, திருவிழா ஜெர்மானியர்களுடையதாக நிலைத்துவிட்டது. பூமியின் மார்ச் மாதத்தில் லாகர் என்னும் பீரைக் காய்ச்சி, கோடை முழுக்கக் குளிரில் உறங்கவிட்டு, இலையுதிர்காலத்தில் பீப்பாயைத் திறக்கும் பவேரிய வழக்கத்தை ஓர் ஆண்டுகூடத் தவறவிட்டதில்லை. ஊரில் இலை உதிர மரமேயில்லை. ஆனாலும் விழா அன்று கூரை விளக்குகளைத் தேன் நிறத்துக்கு மாற்றி, காற்றுக்குழாய்கள் வழியாகக் காகித இலைகளை விழச் செய்வார்கள்.

மற்ற நாட்களில் பனிக்குடியில் ஒருவர்மேல் ஒருவர் கை நீட்டுவதில்லை. ஒவ்வொருவரின் காதுக்குப் பின்னாலும், தோலுக்கு அடியில், பாசிப்பயறு அளவில் ஒரு சாட்சிமணி உண்டு. அறைந்தாலும் தள்ளினாலும் அது பதிவு செய்துவிடும். மறுநாளே ஊர்ச்சபை கூப்பிடும். அந்த மணி தூங்குவது ஒரே ஒரு சமயத்தில்தான். ரத்தத்தில் போதை ஓர் அளவைத் தாண்டினால் அது கண்ணை மூடிக்கொள்ளும். குடித்தவன் தன் வசத்தில் இல்லை, தன் வசத்தில் இல்லாதவன் செய்தது அவன் செய்ததாகாது என்பது ஊரின் சட்டம். மணி தூங்குவதும் விழிப்பதும் அதைச் சுமப்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை. வாற்கோதுமை ஆண்டுக்கு ஒரு முறை காய்ச்சுவதற்கு மட்டுமே தேறும். பன்னிரண்டு பீப்பாய், ஒரு பகல். அந்தப் பகலில் ஊர் ஓராண்டுக் கோபத்தை ஆற்றிக்கொள்ளும்.

அந்த லாகரைக் காய்ச்சுகிறவள் செங்கமலம்.

அன்று மாலை தங்கையைக் கொண்டுபோய் விட அவள் வீட்டுக்குப் போனாள். யாழ்மொழியின் கணவன் அதியன் வாற்கோதுமைப் பண்ணையில் வேலை பார்ப்பவன். மெலிந்த உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. மனைவி வந்து உட்கார்ந்ததும் வெந்நீர்த் தொட்டியை எடுத்து வந்து அவள் கால்களை அதில் வைத்து, குதிகாலை இதமாகப் பிடித்துவிட்டான். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் இப்படி ஒரு கணவன் யாருக்குக் கிடைப்பான் என்று செங்கமலமே பல தடவை நினைத்ததுண்டு.

"மாப்பிள்ளை," என்றாள். "இந்த வருஷம் மட்டும் நீங்க குடிக்காம இருங்களேன்."

அதியன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடிக்குள் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? என் பயிரு, உங்க கைப்பக்குவம். நானே குடிக்கலைன்னா ஊரு என்ன பேசும்?"

"இவ வயித்துல புள்ள இருக்கு."

"தெரியாதாக்கா? தெனம் அதுகிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன். ஆனா அன்னிக்கு நான் நானா இருக்குறதில்ல. என்ன செய்யுறேன்னே எனக்குத் தெரியறதில்ல. மறுநாள் இவ கட்டுப்போட்டுக் கெடக்குறதப் பாத்து நான் அழுவுறத நீங்கதான் பாத்திருக்கீங்களே."

"ஆமாக்கா, சாப்பாடே எறங்காது அவருக்கு," என்றாள் யாழ்மொழி. அவளது வலது கையில் நான்கு கண்ணாடி வளையல்கள் மின்னின. அதியனின் அம்மாவுடையவை, பூமியிலிருந்து வந்தவை. இங்கே கண்ணாடி வளையல் உடைந்தால் உடைந்ததுதான்.

செங்கமலம் எழுந்து போனாள். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். அவன்மேல் தப்பில்லை, தப்பெல்லாம் பீப்பாய்க்குள் இருக்கிறது. அப்படியென்றால் அதை அங்கிருந்து எடுத்துவிட்டால் போயிற்று.

வடிசாலை, குடியிருப்புக்கும் பனிச்சுவருக்கும் நடுவிலுள்ள சுரங்கத்தில் இருந்தது. அங்கே குளிருக்கு இயந்திரம் தேவையில்லை. லாகர் ஆறு மாதமாகத் தெளிந்து, அரை இருட்டில் உறங்கிக்கொண்டிருந்தது. செங்கமலம் பெரிய தொட்டியின் மேல்வாயை நிலவின் வெளிப்பக்கம் போகும் வால்வோடு இணைத்தாள். வெளியே காற்றில்லாத வெறுமை. அதைத் திறந்துவிட்டால் இளஞ்சூட்டிலேயே சாராயச் சத்து ஆவியாகிப் பறந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் பறப்பது மணம். அந்த முதல் மணத்தைக் குளிர்க்குழாயில் பிடித்து ஒரு சீசாவில் அடைத்துக்கொண்டாள். பிறகுதான் போதையை வெளியே போகவிட்டாள். ஐந்து நாள் பிடித்தது. இழந்த கனத்துக்குக் கொஞ்சம் வறுத்த வாற்கோதுமை மால்ட்டின் சாறு சேர்த்து, மணத்தைத் திரும்ப ஊற்றி, வாயு ஏற்றி, பன்னிரண்டு பீப்பாயையும் அடைத்தாள். ஊரின் ஓராண்டுக் கோபம் ஒரு சிறு வெண்புகையாக விண்வெளியில் கரைந்துவிட்டதாக அவள் நம்பினாள். தன் பங்குக்கு இருபது வருஷமாக அதைக் காய்ச்சி ஊற்றியதும் அவள்தான். அந்த உறுத்தலும் அன்று கொஞ்சம் குறைந்தது.

விழா அன்று சதுக்கம் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. காகித இலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கனிமீடில் எடை பூமியில் உள்ளதில் ஏழில் ஒரு பங்குதான். ஓர் இலை தரையைத் தொட வெகுநேரம் எடுக்கும். ஊரே திரண்டிருந்தது. பெண்கள் காதணிகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் பல்லுறையை நாக்கால் தள்ளிச் சரி பார்த்தார்கள். ஓரத்தில் ஒன்பது தாதிகள் தூக்குப்படுக்கைகளோடு வரிசையாக நின்றன.

ஊர்ச்சபைத் தலைவர் மார்ட்டின் சேந்தன் மரச்சுத்தியலை எடுத்து, முதல் பீப்பாயில் குழாயை மூன்றே அடியில் இறக்கினார். கைதட்டல் எழுந்தது. முதல் குவளை செங்கமலத்துக்கு. காய்ச்சியவர் மேடையில் நின்று சுவைத்து மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊர் குடிக்கலாம்.

அவள் குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பழுத்த செம்பு நிறம். மேலே விரற்கடை உயரத்துக்கு நுரை, உடையாமல் நின்றது. மூக்கை அருகே கொண்டுபோனாள். சுட்ட ரொட்டியின் ஓரம், லேசாகக் காந்திய வெல்லம், அடியில் எங்கோ வறுத்த வேர்க்கடலையின் தோல். ஒரு மிடறு. முதலில் தித்திப்போ என்று நாக்கு ஏமாந்தது. நடுவில் தானியத்தின் கனம் வாய் முழுக்கப் பரவியது. விழுங்கும்போது ஹாப்ஸ் பூவின் மெல்லிய கசப்பு வந்து எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. வாய் மறுபடி சுத்தமாகி, அடுத்த மிடறைக் கேட்டது. தொண்டையில் இறங்கவேண்டிய அந்தச் சின்ன வெதுவெதுப்பு மட்டும் இல்லை. அது இல்லையென்று தெரிந்தவருக்குத்தான் அது இல்லாதது தெரியும். இருபது ஆண்டில் அவள் காய்ச்சியதிலேயே மிகச் சிறந்தது இதுதான்.

"நிறம் சரி," என்றாள் உரக்க. "நுரை சரி. சுவை சரி."

மூன்றும் உண்மை. வீரியத்தைப் பற்றிச் சொல்லும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை.

முதல் அரைமணி நேரம் ஊர் குடித்தது, சிரித்தது, பாடியது. செங்கமலம் மேடையோரம் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யாழ்மொழிக்கு லாகர் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை. வீட்டில் ஒருவராவது நிதானமாக இருக்க வேண்டுமே என்பாள். செங்கமலம் தங்கையின் வயிற்றில் கை வைத்து, "பாத்தியா, இந்த வருஷம் எவ்ளோ அமைதியா இருக்கு," என்றாள்.

அப்போதுதான் மாணிக்கம் ஓட்டோ, தன் கூடப்பிறந்த அண்ணனின் முகத்தில் கற்குவளையை இறக்கினான்.

இருவரும் ஒரே அறையில் குடியிருப்பவர்கள். "ஜன்னல் பக்கம் உனக்கா? ஜன்னல் பக்கம் உனக்கா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். மூன்றாவது அடியில் அண்ணனின் தாடை இடம் மாறியது. ஆறாவது அடியில் அண்ணனின் கைகள் தொங்கிவிட்டன. ரத்தம் உருண்டை உருண்டையாக மேலே எழும்பி, காகித இலைகளோடு சேர்ந்து சாவகாசமாக இறங்கியது. அதைப் பார்த்ததும், ஏதோ மணியடித்துப் பந்தி தொடங்கிவிட்டதுபோல, சதுக்கமே எழுந்தது. குத்து வாங்கியவர்கள் இருபதடி தூரம் மிதந்துபோய்ச் சுவரில் மோதித் திரும்பினார்கள். ஓர் ஆசிரியை, சக ஆசிரியையின் கூந்தலைப் பிடித்து அவளைக் குடைபோலச் சுழற்றினாள். தலைவர் சேந்தன் காற்றுப்பம்பு மேற்பார்வையாளரைத் தரையில் போட்டு மூக்கை நெற்றியால் இடித்தார். மேற்பார்வையாளர் அவர் காதைக் கடித்துத் துப்பினார். தூக்குப்படுக்கைகள் நகர ஆரம்பித்தன.

செங்கமலம் மேடையோரமாக எழுந்து நின்றாள். அவர்கள் வயிற்றில் இருப்பது ரொட்டி ஊறிய தண்ணீர். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதியன் வந்தான். யாரையும் இடிக்காமல், கீழே கிடந்தவர்களை ஜாக்கிரதையாகத் தாண்டி வந்தான். மனைவியின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து அவளது வலது கையை எடுத்துக்கொண்டான். வளையல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், நான்கையும் கழற்றினான். கைக்குட்டையில் சுருட்டி மேடை விளிம்பில் வைத்தான். பிறகு முழங்கைக்குக் கீழே பிடித்தான்.

"சித்திரையில எங்கம்மாவப் பத்தி ஒரு வார்த்தை சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"மாப்பிள்ளை!" செங்கமலம் அலறினாள். "அதுல ஒண்ணுமே இல்ல! போதைய எடுத்துட்டேன்! நீங்க குடிச்சது வெறும் தண்ணி!"

அதியன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். ஒரு கணம் அவன் பிடி தளர்ந்தது. பிறகு கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் சுருங்கின.

"பொய் சொல்லாதீங்கக்கா. எனக்கு ஏறிடுச்சு," என்றான்.

காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. யாழ்மொழி கத்தவில்லை; மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். செங்கமலம் அவன் முதுகின்மேல் பாய்ந்தாள். அவன் உதறிய உதறலில் பீப்பாய்களைத் தாண்டிப் போய் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து பார்த்தபோது, அதியன் எழுந்து நின்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அந்தக் காலுக்கு நேரே யாழ்மொழியின் வயிறு இருந்தது.

யாழ்மொழியின் இடது கை மேடையைத் துழாவியது. தலைவர் வைத்துவிட்டுப் போன மரச்சுத்தியல் விரல்களில் தட்டுப்பட்டது.

ஒரே அடி. அதியனின் தாடை பிளந்து இரண்டு பற்கள் பறந்தன. உடம்பு பின்னால் சாய்ந்து, கைகளை விரித்தபடி, இலைகளுக்கு நடுவே மெதுவாக மிதந்துபோய் விழுந்தது.

தாதி வந்து யாழ்மொழியைத் தூக்கியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "கரு நலம்," என்றது. கையைத் தொட்டுப் பார்த்து, "வலது முன்கை. பதிந்தபடியே," என்றது.

மறுநாள் காலை ஊர்ச்சபை கூடியபோது பனிக்குடி இதுவரை காணாத ஒன்றைக் கண்டது. நானூற்றுப் பன்னிரண்டு சாட்சிமணிகளில் ஒன்றுகூடத் தூங்கியிருக்கவில்லை. எல்லாம் பதிவாகியிருந்தன. மாணிக்கத்தின் அண்ணன் விடியுமுன் இறந்துபோயிருந்தார். அந்த ஆறு அடியும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் மாணிக்கம் குறி பார்த்ததும் சுவர்த்திரையில் தெளிவாகத் தெரிந்தன. கூந்தலும் தெரிந்தது. காதும் மூக்கும் தெரிந்தன. ஐந்தாறு நிமிடம் பார்த்த பிறகு, தலையில் கட்டுப் போட்டிருந்த சேந்தன் திரையை அணைக்கச் சொன்னார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சபை உள்ளே போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தது.

"நடந்தது பெரிய அநியாயம்," என்றார் சேந்தன். "ஊர் மக்கள் ஏமாத்தப்பட்டிருக்காங்க. நம்பிக் குடிச்சோம். நம்பிக் குடிச்சவனுக்குப் போதை வயித்துல இருந்தா என்ன, மனசுல இருந்தா என்ன? அதனால சபை ஒரு புதுச் சட்டம் போடுது. விழா லாகரைக் குடிச்சிட்டு, ஏறிடுச்சுன்னு மனசார நம்புற யாரும் அதுக்கப்புறம் செய்யறதுக்குப் பொறுப்பில்ல. இந்த நிமிஷத்துலேருந்து. நேத்துக்கும் சேத்து."

அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாணிக்கத்தின் தோளை யாரோ தட்டிக்கொடுத்தார்கள்.

"விலக்கு இல்லாதவங்க ரெண்டே பேர்தான்," என்று சேந்தன் தொடர்ந்தார். "செங்கமலம், தெரிஞ்சே செஞ்சவ. இனி அவ பீப்பாயைத் தொடக்கூடாது. இன்னொண்ணு யாழ்மொழி. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காம, முழு நிதானத்துல, புருஷனோட தாடைய ஒடைச்சிருக்கா. ஒரு வருஷம் பனிச்சுரங்க வேலை."

"புள்ளத்தாச்சிய்யா அவ!" செங்கமலம் எழுந்தாள். "அந்தக் குளிர்ல எப்படி..."

வாயில் கட்டோடு உட்கார்ந்திருந்த அதியன் சிரமப்பட்டு எழுந்தான். உள்ளபடியே அவனுக்கு அழுகை வந்திருந்தது. "நான் அவள மன்னிச்சிட்டேங்க," என்றான் குழறலாக. "சபையும் கொஞ்சம் பாத்துப் பண்ணணும்."

அவனது பெருந்தன்மையைக் கண்டு பலர் தலையசைத்தார்கள்.

யாழ்மொழி எழுந்தாள். வலது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. அன்று மருத்துவக்கூடத்தில், தாதியின் கேள்வியில் நின்றுபோன அந்தச் சிரிப்பு இப்போது திரும்பி வந்திருந்தது. ஆனால் அதே சிரிப்பல்ல.

"தலைவரே, அந்தச் சட்டம் இப்பவே நடைமுறைக்கு வந்திடுச்சா?"

"வந்திடுச்சும்மா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

சபையின் முன் மேசையில் சான்றுக்காக இரண்டு பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. நேற்றைய லாகர் நிறைந்த மூடிபோட்ட குவளை ஒன்று. மரச்சுத்தியல் ஒன்று. யாழ்மொழி நடந்துபோய் இடது கையால் மூடியைத் திறந்தாள். காவலர் தடுக்க நினைத்து, எதற்காகத் தடுப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

அவள் அவசரப்படவில்லை. குவளையை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்த்தாள். முகர்ந்தாள். ஒரு மிடறு விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ரொட்டியோட கருகின ஓரம் மாதிரி இருக்குக்கா," என்றாள். "இத்தன வருஷமா இத நான் குடிச்சதே இல்லயே."

மீதியையும் குடித்து முடித்தாள். உதட்டின் மேலிருந்த நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு அதியன் எதிரே வந்து நின்று, அவன் முகத்திலிருந்த மூக்குக்கண்ணாடியை வலிக்காமல் கழற்றி, மடக்கி, உடைந்துவிடாதபடி மேசையின் நடுவில் வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஏறிடுச்சுங்க," என்றாள்.